ஸ்டோர் ரூம் கதவுல ஆல்பர்ட்

எனக்கு அப்போ ஒன்பது வயசு. சனிக்கிழமை காலைல பெல் அடிச்சதுமே அம்மா கிச்சன்லேருந்து கத்துனாங்க: "பைபிள் குடுக்க வந்திருப்பாங்கடி, வேணாம்னு சொல்லிடு!"

சொல்லத்தான் போனேன். வாசல்ல ஒரு வெள்ளைக்கார ஆன்ட்டி, கையில பழைய லெட்டர். அதுல பிரிட்ஜ்வாட்டர், அமெரிக்கான்னு எங்க வீட்டு அட்ரஸ்!

மேட்டர் என்னன்னா, ரெண்டாம் உலகப் போர்ல ஆன்ட்டியோட ஊரு, ஃபிரான்ஸ்ல ஒரு குட்டி ஊரு, ஜெர்மன் ஆர்மி கையில மாட்டியிருந்துச்சு. அத மீட்கப் போன அமெரிக்கப் பசங்கள்ல அஞ்சு பேரு அங்கயே செத்துட்டாங்க. ஊர் நடுவுல அவங்களுக்கு ஒரு நினைவுக்கல். ஒவ்வொரு பேரையும் ஒரு குடும்பம் பாத்துக்கும், தொடச்சு பூ வைக்கும். ஆன்ட்டி குடும்பத்துக்கு ஆல்பர்ட். அவன் வளந்தது எங்க வீட்டுல. லெட்டர் அவனோட அம்மா அந்தக் காலத்துல ஆன்ட்டி குடும்பத்துக்கு எழுதினது.

அம்மா அப்படியே பிளேட்ட மாத்திட்டாங்க. "இந்த வீட்டுப் புள்ளையவா இத்தன வருஷமா பாத்துக்கறீங்க? ஷூவக் கழட்டிட்டு உள்ள வாங்க, மொதல்ல சாப்பிடுங்க!"

நாலு இட்லி உள்ள போனப்புறம் ஆன்ட்டி மெதுவா கேட்டாங்க: "கல்லுல பேரு மட்டும்தான் இருக்கு. அவரு தொட்டது ஏதாவது இங்க இருக்குமா?"

அப்பா உதட்டப் பிதுக்கினாரு. எனக்கு மட்டும்தான் தெரியும்.

பேஸ்மென்ட் படிக்குக் கீழ ஒரு ஸ்டோர் ரூம். கதவோட உள்பக்கம் பென்சில் கோடுங்க, ஒவ்வொரு பர்த்டேக்கும் ஒண்ணு, பக்கத்துல வயசு, மேல அவன் பேரு. நான் ரெண்டு வருஷமா சிவப்பு மார்க்கர்ல அவன்கூட போட்டி போட்டுட்டு இருந்தேன். கதவுல கிறுக்கினது தெரிஞ்சா அம்மா தோல உரிச்சிடுவாங்க. ஆனா திங்கக்கிழமை ஆள் வந்து அந்த ரூமையே இடிக்கப் போறாங்க, அப்பாவுக்கு ஹோம் தியேட்டர் வேணுமாம். வாயத் தொறந்தா நான் காலி, தொறக்கலன்னா ஆல்பர்ட் காலி.

தொறந்துட்டேன்.

அம்மா கதவப் பாத்தாங்க, என் மார்க்கரப் பாத்தாங்க. "அப்புறம் இருக்கு உனக்கு." ஆன்ட்டி மண்டி போட்டு ஒவ்வொரு கோடா விரலால தடவினாங்க. "ஒன்பதுல நான்தான் வின், அரை இன்ச்!"னு சீன் போட்டேன். சிரிச்சாங்க.

"கதவக் கழட்டியே தந்துடறேன்"ன்னாரு அப்பா.

"வேணாம், அது அவரு வீட்டுலயே இருக்கட்டும்."

அம்மா கிஃப்ட் ராப் ரோலப் பிரிச்சுக் குடுக்க, ஆன்ட்டி அதுல எல்லாக் கோட்டையும் அளவு பிசகாம வரைஞ்சு எடுத்துக்கிட்டாங்க. தியேட்டர் கேன்சல். அடுத்த அமாவாசைக்கு அம்மா காக்காவுக்கு ஆல்பர்ட் பேர்லயும் ஒரு பிடி சோறு வெச்சாங்க. அணில்தான் தின்னுச்சு.

அடுத்த வருஷம் ஒரு ஃபோட்டோ வந்துச்சு. நினைவுக்கல் பக்கத்துல ஒரு மரப்பலகை, அதுல அதே கோடுங்க. முதுக விறைப்பா வெச்சுக்கிட்டு அந்த ஊர்ப் பசங்க லைன்ல நிக்கறாங்க, ஆல்பர்ட்டோட அளந்து பாக்க.

ஆன்ட்டி வீட்டுக்கு வந்த அன்னிக்கு அவங்ககிட்ட ஒரு டவுட் கேட்டிருந்தேன். "கோடு பத்தொம்பதோட நிக்குதே, இருபதுக்குப் போட மறந்துட்டானா?" அவங்க என்னக் கதவோட ஒட்டி நிக்க வெச்சு, தலைமேல கைய வெச்சு, புதுசா ஒரு கோடு போட்டாங்க. அவங்களுக்கும் தெரியல போலன்னு விட்டுட்டேன்.

போன மாசம் எனக்கு இருபது ஆச்சு. காலேஜ்லேருந்து வீட்டுக்கு வந்து கதவுல ரெண்டு கோடு போட்டேன். சிவப்புல ஒண்ணு எனக்கு. அதுக்குக் கொஞ்சம் மேல, பென்சில்ல, ஒண்ணு அவனுக்கு.