கருகிய இலை நடந்த வழி

சின்னப்பொண்ணு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறார். வயது ஐம்பத்திரண்டு. காலை ஷிப்ட் முடிந்து வந்ததும் நேராகத் தோட்டத்துக்குத்தான் போவார். அங்கே ஒரு கொய்யா, ஒரு மா. அவற்றுக்குப் பின்னால், வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு, வேறொரு கம்பெனியின் சுவர்.

போன கோடையில் கொய்யா இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியது. முதலில் நுனியில் ஒரு பழுப்புக் கோடு. பத்தே நாளில் அது இலையைச் சுற்றி வளைத்தது. பிஞ்சுகள் கோலிக்குண்டு அளவிலேயே உதிர்ந்தன.

"கண்ணு பட்டுச்சி. வெள்ளிக்கிழமை மிரட்டிப் பாத்துடலாம்" என்றார் கணவர் ரகுபதி. ஒருவர் மரத்தை வெட்டப் போவதுபோல் கத்தியை ஓங்க வேண்டும். இன்னொருவர் குறுக்கே வந்து, இந்த வருஷம் காய்க்கும், விட்டுவிடு என்று மரத்துக்கு ஜாமீன் நிற்க வேண்டும். அதுதான் மிரட்டல்.

"மிரட்டுனா பயந்துகினு வேல செய்யறதுக்கு, அது இன்னா சூப்பர்வைசர் முன்னாடி நிக்கற நீயா?" என்றார் சின்னப்பொண்ணு.

அவர் இலைகளைத் திருப்பிப் பார்த்தார். மாவுப்பூச்சி இல்லை. பட்டையைத் தடவினார். துளை இல்லை. மரத்தடி மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தார். உப்பு.

சமையலறையில் இருந்த ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுக் குழாய் கொய்யாவின் தூரில்தான் முடிந்தது. போர்வெல் தண்ணீர் குடிக்க முடியாமல் போனதிலிருந்து இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். தண்ணீர் வீணாகக் கூடாதென்று கழிவை மரத்துக்கு விடுகிறார்கள். இயந்திரம் பிரித்துத் தள்ளிய உப்பு முழுவதும் வேருக்குப் போகிறது.

"ரெண்டு வருஷமா நானே வெஷம் வெச்சிருக்கேன்" என்றார்.

குழாயை வேறு பக்கம் திருப்பினார். மேல்மண்ணை வாரி எறிந்து, மட்கிய எருவும் சருகும் போட்டார். மழையில் தூரைச் சுற்றி வரப்பு கட்டி, நின்ற நீரை இறங்க விட்டார். கார்த்திகையில் கொய்யா துளிர்த்தது.

தை பிறந்ததும் மா கருகியது.

அந்த மரத்துக்குக் கழிவு நீர் ஒரு சொட்டும் போனதில்லை. நேராகப் போர் தண்ணீர்தான். அதே மாதம் ஆர்.ஓ. ஃபில்டரும் போனது. பழுதுபார்க்க வந்த மோகன், ஃபில்டரில் படிந்திருந்த கறுப்பை முகர்ந்து பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணிக்கு மிஷின் தாங்காதுக்கா. டேங்க் தண்ணி புடிங்க" என்றான்.

மருமகள் தென்றலுக்கு அப்போது ஐந்தாம் மாதம். அன்றிலிருந்து அவள் குடிப்பது ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து ஏற்றும் பஞ்சாயத்து டேங்க் தண்ணீர்.

தண்ணீரைச் சோதிக்கச் சொல்லிச் சின்னப்பொண்ணு கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தார். இந்தச் சாலையில் இருக்கும் கார் கம்பெனிகளில் ஒரு கதவில் கீறல் விழுந்தால் ஷிப்ட் முழுக்க விசாரணை நடக்கிறது. மூன்று தெரு ஜனங்கள் குடிக்கும் நீருக்கு ஒரே ஓர் ஆள் வந்தார். ஒரு பாட்டிலில் பிடித்தார், கையெழுத்து வாங்கினார், போய்விட்டார். முடிவு இன்றுவரை வரவில்லை.

அவர் காத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகத் தோட்டம் பார்க்கப் போனார்.

"இன்னாக்கா, ஓட்டு கேக்க வந்தியா?" என்றாள் இரண்டாம் தெரு நாச்சியார்.

"ஒன் எலுமிச்சங்கிட்ட கேக்க வந்தேன்."

நாச்சியார் வீட்டில் ஆர்.ஓ. இருந்ததே இல்லை. எலுமிச்சையின் ஓரங்கள் கருகியிருந்தன. அடுத்த மாதம் மூன்றாம் தெருச் சப்போட்டா. ஒவ்வொரு முறையும் கருகல் கம்பெனிச் சுவரிலிருந்து இன்னும் சற்றுத் தள்ளி, சரிவில் இறங்கி, ஏரிக்கரையை நோக்கி.

நேற்றுக் காலை தென்றலோடு டேங்க் குழாய்க்குப் போனார். அவளுக்கு எட்டாம் மாதம். குழாயடியில் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்காகச் சின்னப்பொண்ணு நட்ட கொய்யாக் கன்று நின்றது; சிந்தும் தண்ணீரிலேயே வளர்வது. குனிந்து ஓர் இலையைப் பிடித்தார். நுனியில் நூல் அகலத்துக்குப் பழுப்பு. அடுத்த இலை. அதற்கடுத்ததும்.

"அத்த, கொடம் ரொம்பிடுச்சி."

"கொட்டிடு."

தென்றல் சிரித்தாள். மாமியாரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "அப்ப இன்னாத்த குடிக்கறது?"

பின்னால் நின்ற பெண், "கொடத்த எடும்மா, ஷிப்டுக்கு நேரமாவுது" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பதினோரு குடங்கள் இருந்தன.