வேகாத அரிசியும் வெளுத்த கண்ணிமையும்

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது எனக்கு வேகாத அரிசி மேல் அப்படி ஓர் ஆசை. சோறு பொங்கி வைத்தால் வேண்டியிருக்காது. உலைக்குக் கழுவி வைத்த அரிசியைத்தான் அள்ளி அள்ளி மெல்லுவேன். அந்த நறநறச் சத்தம்கூடப் பிடிக்கும். முந்தானையில் ஒரு பிடி முடிந்துகொண்டுதான் நடவுக்கே போவேன். கோட்டையில் ஆட்சி மாறியிருந்த காலம் அது. எங்கள் பக்கத்தில் வரப்புக்கு வரப்பு செங்கொடி. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுச் சண்டை.

"அரை மரக்கா நெல்லு கூடக் கேட்டு ஊரே நிக்கிது. நீ என்னடான்னா இருக்குற அரிசியையும் ஒலைக்குக் காட்டாம திங்கிறியேடி!" என்று மாமியார் தலையில் அடித்துக்கொள்வார்.

நாலு கை நாற்று ஊன்றுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கும். ஐந்தாம் மாதம் சைக்கிளில் வந்த நர்சம்மா என் கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

"ரத்தமே இல்லியேம்மா. அரிசி திங்கிறியா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யாரு சொன்னா? எங்க அத்தையா?"

"ஒங் கண்ணு சொல்லுச்சு. ரத்தத்துல இரும்புச்சத்து கொறஞ்சா சில பேருக்கு நாக்கு அரிசி, மண்ணுன்னு அலையும்."

"இரும்பா? ஒடம்புக்குள்ள என்னங்க, அருவாளா இருக்கு?"

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "மொதப் புள்ளைக்கே ரொம்ப ரத்தம் போயிடுச்சுன்னு சொன்னியே. இப்ப அப்படிப் போனா தாங்க மாட்ட. ஒம்பதாம் மாசத்துக்குள்ள ஏத்தியாகணும்" என்றார்.

மாத்திரை கொடுத்தார். டீயோடு விழுங்கக் கூடாது, வெளிக்குக் கறுப்பாகப் போனால் பயந்து நிறுத்தக் கூடாது. முருங்கைக்கீரை தின்ன வேண்டும், வயல் நத்தையும் நல்லது. நாங்கள் வெட்கப்பட்டு மறைத்துத் தின்னும் நத்தைக்கு இப்படி ஒரு மரியாதையா என்று எனக்கு ஒரே சந்தோஷம். எழுத்து தெரியாதவள் ஆகையால், விழுங்கிய மாத்திரைக்கு ஒன்றாகச் சுவரில் கரிக்கோடு போட்டேன்.

அதோடு விட்டேனா? மறுநாள் நடவில் கூட நின்ற பெண்களின் இமையை எல்லாம் இழுத்துப் பார்த்தேன்.

"வந்துட்டாடி பெரியாஸ்பத்திரி டாக்டரு!" என்று கேலி செய்தார்கள். ஆனால் முக்கால்வாசிப் பேருக்கு வாழைத்தண்டு மாதிரி வெளுத்துக் கிடந்தது. என் மாமியாருக்கு மட்டும் செக்கச் சிவப்பு. இது என்ன அதிசயம் என்று நர்சம்மாவைக் கேட்டேன். மாமியாருக்குத் தீட்டு நின்று வருஷக்கணக்காகிறது, மாதாமாதம் போகிற ரத்தம் மிச்சம், அதனால் இருக்கலாம் என்றார்.

எங்களுக்கு இன்னொரு வழியிலும் ரத்தம் போனதாம். நாங்கள் வெளிக்குப் போகும் தோப்பு மண்ணிலிருந்து கண்ணுக்குத் தெரியாத புழு வெறுங்காலில் ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சுமாம். அதற்குப் பூச்சி மருந்து கொடுத்து, தோப்புக்குச் செருப்போடு போகச் சொன்னார். வீட்டுக்காரர் ரப்பர் செருப்பு வாங்கி வந்தார். ஆனால் தோப்புக்கு மிராசுதார் தெரு வழியாகத்தான் போக வேண்டும். எங்கள் ஆட்கள் அங்கே செருப்புப் போடக் கூடாது. கையில் தூக்கிக்கொண்டு போய் தெரு தாண்டி மாட்டுவேன். எட்டாம் மாதத்தில் குனிந்தால் தலை சுற்றியது. ஒருநாள் கழற்றாமலே நடந்துவிட்டேன்.

"ஏய்! காலு ரொம்ப நீண்டுடுச்சா?" பண்ணைக் காரியக்காரர் வாசலிலிருந்து கத்தினார். "கொடி புடிச்ச திமிரு!"

"திமிரு இல்லிங்க, புழுவுங்க. காலு வழியா ஏறி ரத்தத்தக் குடிக்குதாம். கண்ணுல தெரியும்" என்று என் இமையை இழுத்துக் காட்டினேன்.

சத்தம் கேட்டு மிராசுதார் வீட்டம்மா வந்தார். காரியக்காரரை உள்ளே போகச் சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். எனக்கு ஆவல் தாங்கவில்லை. "நீங்களும் இழுத்துக் காட்டுங்கம்மா" என்றேன். தொட முடியாதே, எட்ட நின்றுதான் பார்த்தேன். பத்தாயம் நிறைய நெல் இருக்கும் வீட்டில் அதே வாழைத்தண்டு!

அவர் குரலைத் தாழ்த்தினார். "நீயும் அரிசி திங்கிறியாடி?"

"நீயும்" என்றாரே! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும். "ஒங்களுக்கு நத்தை ஆகாது. கீரை தின்னுங்கம்மா. நர்சம்மாவ இங்கயும் வரச் சொல்றேன்" என்றேன். மறுநாளும் செருப்போடு போனேன். காரியக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

ஒன்பதாம் மாதம் நர்சம்மா இமையை இழுத்து, "லேசா ரோஸ் ஏறியிருக்கு. இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கலாம்" என்றார். அந்த "இன்னும் கொஞ்சம்" எனக்குப் பிரசவம் வரைக்கும் பயமாகவே இருந்தது. பெண் பிறந்தாள். குழந்தையைக்கூடப் பார்க்காமல், "எவ்வளவு ரத்தம் போச்சுங்க, காட்டுங்க" என்று எழுந்து உட்காரப் பார்த்தேன்.

நர்சம்மா என்னைத் தோளில் அழுத்திப் படுக்கவைத்தார். "கொஞ்சந்தாண்டி போச்சு. மிச்சம் பூரா ஒனக்குள்ளதான் இருக்கு. கம்முனு படு."