வசந்தா ஆயா பிடித்திருந்த பை

அந்தச் சாயங்காலம் அங்கே இருந்தவர்கள் மூன்று பேர். ஒன்றாம் வகுப்பு படிக்கும், பஸ்ஸில் கடைசியாக இறங்கும் என் அக்கா மகள் யாழினி, அவளுடைய பள்ளி பஸ் டிரைவர், சாலைக்கு எதிர்ப்பக்கம் பஜ்ஜி சுடும் கன்னியம்மா. இல்லாதவர்கள், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டில் நின்றிருந்த அக்காவும் மாமாவும், கனடாவில் அப்போதுதான் வேலைக்குக் கிளம்பிய நானும், பிள்ளைகளைப் படியிலிருந்து இறக்கிவிட வேண்டிய ஆயாவும்.

நம் ஊரில் பள்ளி பஸ் பிள்ளைகளை இறக்கிவிடும் அதே நேரத்தில்தான் இங்கே மஞ்சள் பஸ் பிள்ளைகளை ஏற்றுகிறது. நான் வேலைக்கு நடந்து போகும் வழியில் தினமும் பார்க்கிறேன். பஸ் நின்றதும் அதன் விலாவிலிருந்து சிவப்புப் பலகை ஒன்று கை போல நீளும். இரண்டு பக்கமும் வண்டிகள் உறைந்து நிற்கும். ஹாரன் இல்லை, திட்டு இல்லை. பனியில் ஒரு சிறு பிள்ளை மட்டும் நடந்து போகும். வந்த புதிதில் யாரோ இறந்துவிட்டார்கள், மரியாதைக்கு நிற்கிறார்கள் என்றே நினைத்தேன். அப்படி ஓர் அமைதி.

அன்று அந்த அமைதிக்குள்தான் போன் அடித்தது. "டேய், பாப்பா வுழுந்துட்டாடா. காலு ஒடஞ்சிட்ச்சி. புத்தூருக்குப் போய்க்கினு இருக்கோம்" என்றாள் அக்கா. இறங்கி முடிப்பதற்குள் பஸ்ஸை எடுத்துவிட்டார்கள், பையின் வார் கதவில் மாட்டிக் குழந்தையைக் கொஞ்ச தூரம் இழுத்துப் போய்விட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போவலியா?"

"ஸ்கூல் வேன்லயே இட்னு போறாங்கடா. கட்டு காசும் அவங்களே குடுக்கறாங்களாம். நல்ல மனுசங்க."

எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் கால் தானாக ஊத்துக்கோட்டை வழியாகப் புத்தூர் கட்டுக்குத்தான் போகும். என் அப்பாவுக்குக் கை முறிந்தபோதும் அங்கேதான் போனோம். கட்டியவர் கையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நாம் யோசிக்காத ஒன்றைப் பள்ளிக்கூடம் யோசித்திருந்தது. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் விபத்து என்று பதிவாகும், போலீசுக்குத் தகவல் போகும், எக்ஸ்ரே எடுப்பார்கள். மூங்கில் பத்தை வைத்துக் கட்டினால் அப்படி எதுவும் இல்லை. குழந்தை விழுந்ததற்கு அவள் அழுகையைத் தவிர வேறு பதிவு இல்லாமல் போனது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் பேய் ஓட்டுவது முதல் பேங்க் லோன் வரை எல்லாம் எனக்குத் தெரியும் என்று அவர்கள் நம்புகிறார்கள். "நீ படிச்சவன், நீ சொல்லு" என்பார் மாமா. எனக்குத் தெரிந்தது கொஞ்சம். திருவள்ளூர் கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் ஒரு அம்மாவைப் பிடித்துக் கேட்டேன். அவர் சொன்னதை இங்கே எழுதுகிறேன், இதைப் படிக்கும் யாருக்காவது உதவும். நேரம் தப்பிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், இப்போதாவது அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏன் தாமதம் என்று போலீஸ் கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். சமாதானமாகப் போகலாம் என்று எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளை போட்டிருந்த துணி, பை எதையும் துவைக்காதீர்கள். முக்கியமாக, பிள்ளைக்கு எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

இந்தக் கடைசி வார்த்தைதான் எங்களைப் படுத்தியது. பஸ்ஸில் ஆயாவைக் காணவில்லை என்று கன்னியம்மா அக்காவிடம் சொல்லியிருந்தாள், அதுதான் எங்கள் வழக்கின் உயிர். மாமா பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்டார். "ஆயா இல்லாம பஸ்ஸே எடுக்க மாட்டோம் சார். வசந்தாம்மா இருந்தாங்க. ஒங்க பொண்ணையே கேளுங்களேன்" என்றார் பிரின்சிபால்.

மாமா வீட்டுக்கு வந்து கேட்டிருக்கிறார். கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்த யாழினி யோசிக்கவே இல்லை.

"ஆமா நைனா. வசந்தா ஆயா பின்னாடி நின்னுக்கினு பைய புடிச்சாங்க. வுடவே இல்ல."

"இன்னா மச்சான் இது பேஜாரு" என்று மாமா எனக்குப் போன் செய்தார். "நம்ம பொண்ணே அவங்க பக்கம் சாட்சி சொல்லுது. குடுக்கறத வாங்கிக்கினு கையெழுத்து போட்டுட்டா இன்னா?"

பின்னாலிருந்து அக்கா, "ஆயா இல்லன்னு சொல்லச் சொல்லி அவளுக்குப் பழக்கிடலாமாடா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே அழுதாள்.

ஒரு நாள் பொறுங்கள் என்றேன். முதலில் வசந்தா ஆயாவையே நேரில் கேட்டுவிடுங்கள்.

ரயில்வே லைனைத் தாண்டி இருந்தது அந்த அம்மாவின் வீடு. அக்கா வீடியோ காலை அணைக்காமலே போனாள். கதவைத் திறந்தவள் வசந்தாவின் மருமகள். அவள் தோளுக்குப் பின்னால், சுவரில், சின்ன சிவப்பு பல்பு எரியும் படம். காய்ந்த மாலை. 

"அத்த போயி மூணாவது மாசம்க்கா" என்றாள் மருமகள். யாழினி விழுந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை.

 அக்கா, மகள் சொன்னதை அப்படியே சொன்னாள். மருமகள் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். "கையப் புடிச்சா புள்ளைங்க ஒதறிட்டு ஓடிடும்னு அத்த எப்பவும் பையத்தான் புடிக்கும். மேல இருக்குமே காது, அத. இது ஒங்க பொண்ணுக்கு எப்பிடி... ஆமா, தெனம் எறக்கி வுட்டது அதுதான?"

அரசு ஆஸ்பத்திரியில் காட்டிப் புகார் கொடுத்த பிறகு, கன்னியம்மா போலீசிடம் தெளிவாகச் சொன்னாள். "வாரு கதவுல மாட்டிக்கிச்சி. பை இழுத்துப் புடிச்சதாலதான் புள்ள பின் சக்கரத்துக்கு உள்ள போவல. ஆயாவ நா பாக்கல. பாக்காதத பாத்தேன்னு சொல்ல மாட்டேன், சாமி."

அதற்குள் அந்தப் பையைத் திருஷ்டி கழித்து முச்சந்தியில் போட அக்கா எடுத்து வைத்திருந்தாள். தடுத்துவிட்டோம். வக்கீலம்மா அதை மேசையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கதவில் மாட்டிய தோள்வாரில் கிரீஸ் கறை. ஆனால் தையல் விட்டு நூல் தொங்கியது மேலே இருக்கும் காதில். அந்தக் காதை விரலால் ஒருமுறை தடவிவிட்டுப் பையை ஒதுக்கி வைத்தார். "கொழந்த பொய் சொல்லலம்மா. அவ சொல்றத சொல்லட்டும். செத்தவங்கள டூட்டில காட்டுனது யாருன்னுதான் நாம கேக்கப் போறோம்" என்றார். கேட்டார். கோர்ட்டில் அந்தக் கேள்விக்குப் பிறகு பிரின்சிபால் வசந்தாம்மா பெயரை எடுக்கவே இல்லை.

இங்கே எங்கள் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் மஞ்சள் பஸ்கள் நிற்கும் இடம் இருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுத் திரும்பியதும் டிரைவர் அம்மாள் இறங்கிவிடமாட்டாள். காலி பஸ்ஸுக்குள் ஒவ்வொரு இருக்கையாகக் குனிந்து பார்த்தபடி கடைசிவரை நடப்பாள். கண்ணாடிக்குப் பின்னால் ஓர் உருவம் மட்டும் மெதுவாகப் போகும். யாரைத் தேடுகிறாய் என்று ஒருநாள் வேலிக்கு இப்பாலிருந்து கேட்டேன். "யாருமில்லை என்று பார்த்துக்கொள்ளத்தான்" என்றாள். பிறகு என்னைச் சந்தேகமாகப் பார்த்து, "இதில் உன் பிள்ளை எது?" என்றாள். இதில் இல்லை, இந்தியாவில், பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டாள் என்றேன். என் ஆங்கிலம் அவளுக்கு எப்படிக் கேட்டதோ, கையுறையைக் கழற்றி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போதும் என்னைக் கண்டால் நெஞ்சில் சிலுவை போடுகிறாள். யாழினி உயிரோடு இருக்கிறாள் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய்ப்பு வரவில்லை.

யாழினி இப்போது நடக்கிறாள். வேறு பள்ளி, நடந்து போகும் தூரம். விழுந்த இடத்து மண்ணை எடுத்துவந்து சுற்றிப் போட்டும், பிள்ளை பாதி அங்கேயே நின்றுவிட்டது என்கிறாள் அக்கா. அந்த நேரம் வந்தால் விளையாட்டை விட்டுவிட்டு வாசலுக்கு முதுகைக் காட்டி அசையாமல் நிற்கிறாளாம், யாரோ பையைப் பிடித்துக்கொள்ளட்டும் என்பது போல. அதே நேரத்தில் நான் இங்கே சிவப்புப் பலகைக்கு முன் நிற்கிறேன். பலகை மடங்கி எல்லோரும் நகர்ந்த பிறகும் சில நாள் எனக்குக் கால் எழுவதில்லை. என் சாப்பாட்டுப் பையின் மேல்காதை யாரோ பின்னாலிருந்து பிடித்திருக்கிறார்கள். திரும்பிப் பார்ப்பதில்லை. உதறவும் மனம் வரவில்லை.

கோர்ட் கொடுத்த தொகை யாழினியின் பெயரில் பேங்கில் இருக்கிறது, அவளுக்குப் பதினெட்டு ஆகும்வரை யாரும் தொடமுடியாது. அது அவளுடையது. அக்காவும் மாமாவும் கைக்காசு போட்டுச் செலவழித்ததைப் போன வாரம் மாமா போனில் கூட்டிச் சொன்னார். பிறகு புத்தூருக்குப் போய்வந்த வேன், ஆஸ்பத்திரி, கோர்ட்டுக்கு அலைந்த நாட்களின் சம்பளம், அக்கா விட்ட வேலை, கடைசியாக வசந்தா ஆயாவின் படத்துக்குப் புது மாலை நூற்றிருபது. ஆக ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரத்து நூற்றிருபது ரூபாய்.