மச்சினன் சாட்சி

மேடையில் யாராவது என்னை வள்ளல் என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் இன்சூரன்ஸ் கம்பெனி தொடங்கியவன். பாலிசிப் பணம் தானம் இல்லை. ஒருமுறை எனக்கே அது மறந்துபோனது.

சங்கு குளிப்பவர்களுக்குப் பாலிசி கொடுத்தால் கம்பெனியும் சேர்ந்து மூழ்கும் என்று சென்னையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று திரேஸ்புரம் கடற்கரையில் வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தேன். விதிகளை நானே எழுதினேன். விபத்துக்கு உறவினர் அல்லாத ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும் என்பது அதில் ஒரு வரி. நாசரேத்து வாத்தியார் மகனான எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கடலில் கால் நனைத்திருந்தால்தானே தெரியும்?

இங்கே கடலுக்குள் இறங்குகிறவரின் காற்றுக் குழாயைப் படகில் இருந்து பிடித்துக்கொள்வது பெரும்பாலும் மனைவியின் கூடப்பிறந்தவன். முத்துக்குளித்த காலத்தில் கயிறு பிடித்ததும் அவன்தான். அக்காள் தாலி தன் கையில் இருக்கும்போது கண்ணை வேறு பக்கம் திருப்பமாட்டான் என்ற நம்பிக்கை.

அப்படி இறங்கிய ஒருவர் அடியில் மயங்கி, மேலே இழுத்துப் போடுவதற்குள் இறந்துபோனார். படகில் இருந்தது அவர் மச்சினன் மட்டும்தான். உறவினர் சாட்சி செல்லாது என்று என் அலுவலகமே கிளைமைத் திருப்பிவிட்டது.

இயக்குநர் ஒருவர் போனில் வழி சொன்னார். "உங்க அறக்கட்டளையில இருந்து அதே தொகையைக் கொடுத்துடுங்க சார். விதியும் கெடாது, உங்களுக்கும் நல்ல பேர்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. செக்கோடு அந்த வீட்டுக்குப் போனேன். இறந்தவரின் மனைவி அதைத் தொடவில்லை.

"தருமம் வேண்டாம் அண்ணாச்சி. அவிய மாசாமாசம் கட்டுன பாலிசிக்கு உள்ளதத் தாங்க. என் தம்பி சாட்சி செல்லாதுன்னு எழுதியிருக்கியளே, அவன் கவனிக்காம விட்டுட்டான்னுல்லா ஊரு பேசுது. ஒருத்தரும் அவனப் படகுல ஏத்த மாட்டேங்காவ."

அந்தத் தம்பி மூலையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். நான் எழுதிய ஒரு வரி அவனை அங்கே உட்கார வைத்திருந்தது. செக்கைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

சென்னைக் கூட்டத்தில் அந்த வரியை எடுக்கச் சொன்னேன். நாளைக்கு எல்லா மச்சினனும் பொய் சொல்ல வருவான் என்றார்கள்.

"வரட்டும், விசாரிப்போம். அதுக்குத்தான சம்பளம் வாங்குதோம்? உசுரையே அவன் கையில குடுத்துட்டு இறங்குதாவ. அவன் சொல்ல நாம நம்பமாட்டோமோ?"

கோபம் வந்தால் எனக்கு ஊர்ப்பேச்சுதான் வரும். அந்த வரி இருந்தால் நான் இல்லை என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். முணுமுணுத்துக்கொண்டே வரியை அடித்து நீக்கினார்கள்.

கிளைம் செக்கையும், தம்பியின் சாட்சியை ஏற்றுக்கொண்டோம் என்ற கடிதத்தையும் நானே கொண்டுபோனேன். செக்கை அவன் அக்காள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? தம்பி கடிதத்தை இரண்டு முறை படித்தான். அப்புறம் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"ஏலே, பெறவு அழலாம். மொதல்ல இதக் கொண்டுபோயி படகுக்காரவிய கிட்ட காட்டு" என்றாள்.

அவன் கிளம்பினான். நானும் கூடவே நடந்தேன். அவன் மேல் குறை சொல்கிறவன் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.