கடைசிச் சீட்டில் விழுந்த ஆர்ட்டின்

நேசகுமாருக்குக் கோபமே வராது என்று விஸ்வநத்தம் வட்டாரத்தில் ஒரு பேர் உண்டு. பட்டாசுக் கம்பெனி ஃபோர்மேனுக்கு அது நல்ல பேர்தான். அவரோடு சீட்டாடியவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து சாப்பிட்ட கையோடு, காதர் பாட்சாவின் பேப்பர் குடோன் மாடிக்குப் போய்விடுவார். நாலு பேர் ஆட்டம். துபாயிலிருந்து திரும்பிய நிஜாம் போக்கரைக் கற்றுக்கொடுத்த பிறகு ரம்மியை அங்கே யாரும் சீந்துவதில்லை. காசு கிடையாது, தீக்குச்சிதான் பந்தயம். தோற்றவர் எல்லோருக்கும் எண்ணெய் பரோட்டா வாங்கித் தரவேண்டும், அவ்வளவுதான். பரோட்டாவுக்காக ஒரு மனுஷன் நொந்துபோவானா என்று கேட்பீர்கள். நேசகுமார் நொந்துபோனார்.

அந்த ஞாயிறு அவர் கையில் இரண்டு ராஜா. நடுவில் விரித்த சீட்டில் இன்னொரு ராஜா. மூன்று ராஜா தைரியத்தில் இருந்த குச்சியை எல்லாம் நடுவே தள்ளினார். நிஜாமிடம் இருந்ததோ இதயம் போட்ட இரண்டு சில்லறை ஆர்ட்டின். நடுவில் இரண்டு ஆர்ட்டின் கிடந்தது. ஐந்தாவதாக ஒன்று விழுந்து ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்தால் ராஜாக்கள் செத்தார்கள், விழாவிட்டால் நிஜாம் காலி. திருப்ப வேண்டியது ஒரே ஒரு சீட்டு. விழுந்தது ஆர்ட்டின்.

"சும்மா பாப்போம்னுதான் நின்னேன் மச்சான்" என்று நிஜாம் சிரித்தான்.

தப்பாக ஆடித் தோற்றிருந்தால் ஆறியிருக்கும். சரியாக ஆடியும் தோற்றதுதான் தொண்டையில் முள்ளாக நின்றது. அதுவும் தொடர்ந்து மூன்றாவது வாரம். "சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருக்கீக, சாப்பிடலையா?" என்று அன்று ராத்திரி மனைவி ஜெயசீலி கேட்டாள்.

திங்கள் காலையில் கம்பெனி வாசலில் நின்றார். இருபது வருஷமாக அவர் வைத்திருக்கும் வழக்கம் ஒன்று உண்டு. உள்ளே போகும் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, "வீட்டுல எல்லாம் சரியா?" என்று கேட்பார். சண்டை, சச்சரவு, தூக்கம் இல்லை என்று யாராவது சொன்னால், அன்றைக்கு வெடிமருந்துப் பக்கம் விடமாட்டார், பேக்கிங்குக்கு அனுப்பிவிடுவார். மனசு எங்கேயோ இருக்கிறவன் கை மருந்தில் இருக்கக்கூடாது. அன்றும் எல்லோரையும் கேட்டார். மணிகண்டராஜ் "ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, மருந்து அடைக்கிற அறைக்குப் போனான். நேசகுமாரிடம் கேட்கத்தான் ஆள் இல்லை.

மருந்து கலக்குகிற மாரிக்கண்ணன், பிள்ளைக்கு முடியிறக்க இருக்கன்குடிக்குப் போயிருந்தான். சீசன் நேரம். சாயங்காலம் லோடு ஏறவேண்டும். நேசகுமாரே கலக்கக் கிளம்பினார். நடக்கும்போதே, முதல் சுற்றிலேயே எல்லாக் குச்சியையும் தள்ளியிருந்தால் நிஜாம் பயந்து சீட்டைப் போட்டிருப்பானே என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அறைக்குள் போய்ச் சல்லடையை எடுத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டை அவர் தொடவே இல்லை. மருந்தில் பொறி தெறிக்காதபடி, உடம்பில் ஏறிய மின்சாரத்தை அதில் இறக்கிவிட்டுத்தான் உள்ளே காலை வைக்கவேண்டும். தொடாமல் போனவனை அவரே ஒரு வாரம் வெளியே நிறுத்தியிருக்கிறார்.

சல்லடையை அப்படியே வைத்தார். மூச்சுக்கூடச் சத்தமாக விடாமல் வெளியே வந்தார். வேப்பமரத்தடியில் போய் நின்றார். கலவை இல்லை என்று தெரிந்ததும், மற்ற அறைகளில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக வந்து கூடிவிட்டார்கள்.

முதலாளி ஊர்க்காவலன் காரிலிருந்து இறங்கினார். "மாரிக்கண்ணன் இல்லைன்னா நீங்கதான கலக்குவீக? என்ன ஆச்சு?"

காற்றில் ஈரம் என்று சொல்லலாம். தலைவலி என்றும் சொல்லலாம். ஆனால் தினமும் அவரிடம் உண்மையைச் சொல்லவேண்டிய பதினாறு பேரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நேத்து சீட்டுல தோத்துட்டேன் முதலாளி. அதே நெனப்பா இருக்கு. தகட்டைத் தொடாமலே உள்ள போயிட்டேன். இன்னைக்கு நான் மருந்தைத் தொட மாட்டேன்."

"எம்புட்டுப் போச்சு?"

"எட்டு பரோட்டா."

பேக்கிங் முருகம்மாள் களுக்கென்று சிரித்தாள். அப்புறம் எல்லோருமே சிரித்தார்கள். "எட்டு பரோட்டாவுக்கா என் லோடு நிக்குது?" என்று தலையில் அடித்துக்கொண்டு, முதலாளி ஆபீஸ் அறைக்குப் போனார். நேசகுமாருக்குக் காது வரை சுட்டது. இந்த வயதில் இப்படி ஒரு மானக்கேடு.

சிரிப்பு அடங்கும் முன் மணிகண்டராஜ் அவர் பக்கத்தில் வந்து நின்றான். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணாச்சி, நானும் இன்னைக்கு இனிமே உள்ள போகல. காலைல ஒண்ணுமில்லைன்னது பொய்யி. மக ஆஸ்பத்திரில கெடக்கா. பேக்கிங்குக்குப் போனா கூலி கொறையுமேன்னு சொல்லல."

"எத்தனை நாளா?"

"அஞ்சு நாளா."

ஞாயிறு போக நாலு நாளும் அவன் மருந்து அடைத்திருக்கிறான். நாலு நாளும் அவர் அவன் முகத்தைப் பார்த்துத்தான் உள்ளே அனுப்பினார். கையில் மூன்று ராஜா இருப்பதுபோன்ற நிம்மதியோடு அனுப்பினார்.

"காலைல வேற யாரு மறைச்சது?" என்று கேட்டார்.

முருகம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கையைத் தூக்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று கைகள் எழுந்தன.