அடுத்த மட்ச் வரைக்கும்

எங்கள் காரின் பின் கண்ணாடிக்குக் கீழே ஒரு சிவப்புத் தொப்பி இருக்கிறது. வெயில் பட்டுப் பட்டு அதன் மேற்புறம் செங்கற்பொடி நிறத்துக்கு வந்துவிட்டது. காரைக் கழுவக் கொடுக்கும்போது என் கணவர் அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். கழுவி முடிந்ததும் அதே இடத்தில் வைப்பார். தொப்பி அவருடையது அல்ல. என் தம்பியுடையது. இருவரும் இப்போது ஒருவரோடொருவர் பேசுவது மிகவும் அரிது.

நாங்கள் கனடாவின் ரொறொன்ரோவாசிகள், மல்வேர்னில் எங்கள் வீடு, யூனியன்வில்லில் தம்பியின் வீடு. ஆனால் இருவரும் படித்தது எல்லைக்கு அப்பால். கணவர் யாழ்ப்பாணத்திலிருந்து உதவித்தொகை பெற்று நேரே ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். தம்பி அகதிப் பிள்ளையாக இந்த நகரத்துக்கு வந்து, ஸ்காபரோவில் வளர்ந்து, மேற்படிப்புக்கு அங்கே சென்றவன். இடம் கிடைத்த பல்கலைக்கழகங்களுள் அவன் தேர்ந்தெடுத்தது அத்தானின் பல்கலைக்கழகத்துக்குப் பரம வைரியான ஒன்றை. அது தற்செயலா, வம்பா என்று நான் கேட்டதில்லை.

அந்த இரண்டு பல்கலைக்கழகங்களும் ஆண்டுக்கு ஒருமுறை, இலைகள் கொட்டி முடியும் காலத்துச் சனிக்கிழமையொன்றில், அமெரிக்கப் புட்போல் ஆடும். ஓராண்டு ஒன்றின் மைதானத்தில், மறு ஆண்டு மற்றதன் மைதானத்தில். அது எங்கள் பெற்றோர் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய வழக்கம். நாங்கள் மூவரும் விடியும்போதே புறப்பட்டு, பாலத்தால் எல்லையைக் கடந்து, மைதானத்தின் கார் தரிப்பிடத்தில் மடக்குக் கதிரைகளை விரித்துவிடுவோம். சுற்றியிருப்பவர்கள் அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டுவார்கள். நாங்கள் வீட்டில் பொரித்த ரோல்ஸ் பெட்டியைத் திறப்போம். முதல் தடவை போனபோது மட்டன் ரோல்ஸ் கட்டிக்கொண்டு போனோம். எல்லையில் நின்ற அதிகாரி, ஆட்டிறைச்சி உள்ளே வரக்கூடாது என்று பெட்டியோடு வாங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டார். அடுத்த ஆண்டிலிருந்து மீன் ரோல்ஸ் ஆயிற்று. பிறகு மட்ச் என்றாலே மீன் ரோல்ஸ் என்றாகிவிட்டது. வேறு எந்த நாளிலும் நான் அதைச் செய்வதில்லை.

தொப்பிச் சட்டத்தை அவர்களே வகுத்துக்கொண்டார்கள். தோற்றவர் வென்றவரின் தொப்பியைத் தன் காரின் பின் கண்ணாடியில், ஊரார் பார்க்க, அடுத்த மட்ச் வரைக்கும் வைத்திருக்கவேண்டும். திருப்பிக் கேட்கவும் கூடாது. திருப்பிக் கொடுக்கவும் கூடாது. கோயிலுக்குப் போனாலும் செத்தவீட்டுக்குப் போனாலும் தொப்பி கூடவே வரும்.

“அத்தான், உங்கட ஆக்கள் ஓடுறதைப் பார்த்தால் மாடு துரத்துற மாதிரிக் கிடக்கு,” என்பான் தம்பி.

“மாடு துரத்தினால் ஓடத்தானே வேணும். உம்மட ஆக்கள் நிண்டு முட்டு வாங்குகினம்.”

“வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை. தொப்பிக்கு இடம் ஒதுக்கியாச்சோ?”

“உம்மட தொப்பியைக் கொண்டுபோய்ப் பொம்மைக்குப் போடும். என்ரை காரிலை ஏறாது.”

வழி நெடுகிலும் இப்படித்தான். கேட்டுக்கொண்டு பின் ஆசனத்தில் புத்தகமும் கையுமாக நான் இருப்பேன். பக்கம் புரளாது. அவர்கள் சண்டை பிடிக்கிறார்களே என்பதில் எனக்கு அவ்வளவு நிம்மதி.

அந்த நிம்மதிக்குக் காரணம் என் அம்மா. கடைசிக் காலத்தில் அவர் எங்களோடு இருந்தார். நடக்க முடியாமற்போன பிறகு அவரைக் கட்டிலிலிருந்து கதிரைக்கும் கதிரையிலிருந்து குளியலறைக்கும் தூக்கியவர் என் கணவர்தான். மாமியார் மருமகனின் கழுத்தைக் கட்டிக்கொள்ள முதலில் வெட்கப்பட்டார், பிறகு “இண்டைக்கு ஏன் பிந்தி வாறியள்?” என்று அதட்டும் அளவுக்குப் பழகிப்போனார். முதியோர் பராமரிப்பு நிலையமொன்றில் பெயர் பதிந்து வெகுநாள் காத்திருந்தோம். ஒரு பகல், இடம் கிடைத்துவிட்டதென்று தம்பிக்கு அழைப்பு வந்தது. மறுநாளைக்குள் ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்தக் கட்டில் வேறொருவருக்குப் போய்விடும். நானும் கணவரும் வேலையில் இருந்தோம். நான் பணிபுரியும் நூலகத்தில் அன்று கூட்டம், தொலைபேசி அணைந்திருந்தது. கணவரை அவன் அழைக்கவே இல்லை. தானே வந்து அம்மாவைக் கொண்டுபோய்ச் சேர்த்தான். மாலையில் கணவர் வீட்டுக்கு வந்தபோது கட்டில் விரிப்பு இழுத்து மடிக்கப்பட்டிருந்தது.

தம்பி செய்தது பிழையென்று நான் இன்றும் சொல்லமாட்டேன். ஆனால், “எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே,” என்று அவர் கேட்டபோது அவன் சொன்ன பதில் பிழை.

“நான்தானே மகன், அத்தான். நாளைக்குக் கொள்ளி வைக்கப்போறதும் நான்தானே.”

அம்மா அந்த நிலையத்திலேயே காலமானார். தகனச்சாலையில் கொள்ளி என்பது ஒரு பொத்தான். தம்பி அதை அழுத்தினான். என் கணவர் கடைசி வரிசையில் நின்றார். அதன் பிறகு இருவருக்கும் இடையில் பிறந்தநாள் வாழ்த்து, காய்ச்சல் விசாரிப்பு என்பவற்றுக்கு மேல் எதுவும் இருக்கவில்லை, அந்த ஒரு சனிக்கிழமையைத் தவிர. அந்த நாளில் மட்டும் அவர்கள் பழைய மச்சான்மார். ஒருவரையொருவர் எவ்வளவு வேண்டுமானாலும் குத்தலாம். குத்துவது மைதானத்தில் நிற்பவர்களைத்தான் என்று இருவருமே வைத்துக்கொள்ளலாம். அந்த விளையாட்டின் விதிகள் எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. ஆனால் அதைவிட அதிகமாக நான் எந்த விளையாட்டையும் நேசித்ததில்லை.

செய்தியைக் கொண்டுவந்தவள் எங்கள் மகள். இங்கே பிறந்தவள், கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அப்பா, உங்கட ஸ்கூல் கொன்பரன்ஸ் மாறுதாம். வெஸ்ட் கோஸ்ட் டீம்ஸோட எல்லாம் விளையாடப் போகினமாம்.”

“அப்ப மாமாவின்ரை யூனிவர்சிற்றியோடை மட்ச்?”

“நோ மோர், அப்பா. ஸ்கெஜூலிலை இடமில்லையாம்.”

கொன்பரன்ஸ் என்பது பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்கென்று சேர்ந்துகொள்ளும் குழு. ஒரே குழுவில் இருப்பவை தமக்குள் ஆண்டுதோறும் மோதும். முன்பெல்லாம் பேருந்தில் போய்வரக்கூடிய ஊர்கள் ஒரு குழுவாக இருந்தன. இப்போது எந்தக் குழுவுக்குத் தொலைக்காட்சி கூடுதலாகக் கொடுக்கிறதோ அங்கே எல்லோரும் சேருகிறார்கள். குழு கண்டத்தின் இரு கரைகளையும் தொடும் அளவுக்குப் பெருக்கிறது. பெருத்த குழுவுக்குள் ஆடவேண்டிய ஆட்டங்களே மிகுதி என்பதால், வெளியே விடப்பட்ட பழைய எதிரிக்குச் சனிக்கிழமை மிச்சமில்லை. இதையெல்லாம் கணவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். விளக்கி முடித்துவிட்டு, “எங்களை ஒருத்தரும் கேக்கேல்லை,” என்றார்.

கடைசி மட்சுக்குப் போனோம், தம்பியின் பல்கலைக்கழக மைதானத்துக்கு. கார் தரிப்பிடத்தில் எங்களுக்குப் பக்கத்து இடம் ஒரு வயதான அமெரிக்கருடையது. தம்பியின் பல்கலைக்கழகத்துக்காரர், சிறுவனாகத் தகப்பனாரோடு அதே இடத்தில் நின்றவர். எங்கள் மீன் ரோல்ஸின் உறைப்புக்குக் கண்கலங்கியபடியே ஆட்டம் அங்கே நடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பெட்டி வாங்கிக்கொள்வார். வெறும் பெட்டியை அடுத்த முறைதான் தருவார், உள்ளே தன் மனைவி செய்த ஆப்பிள் பலகாரத்தோடு. அன்று அவர் ரோல்ஸைத் தன் தட்டில் கொட்டிவிட்டு, பெட்டியைக் கடதாசியால் நன்றாகத் துடைத்து, அங்கேயே என் கையில் தந்துவிட்டார். கரையோரத்து ஊர்களைத் தேடி விமானம் ஏறும் அணிகளைப் பார்க்கத் தனக்கு இனி ஆசையில்லை என்றார். துடைத்த பெட்டியை நான் பையின் அடியில் வைத்தேன்.

அன்று கணவரின் அணி தோற்றது. தம்பி தன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, பூசைத்தட்டை நீட்டுவதுபோல் இரண்டு கையாலும் நீட்டினான்.

“வடிவாய் வைச்சிருங்கோ, அத்தான். அடுத்த…” என்றவன் நிறுத்திக்கொண்டான்.

திரும்பும் வழியில் வானொலி மட்டும் பேசியது.

மறு ஆண்டு அதே சனிக்கிழமை வந்தபோது, அந்த நாளை வெறுமையாக விடக்கூடாதென்று எனக்குத் தோன்றியது. தம்பியை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். அன்று மத்தியானம் கணவரின் அணி, பசிபிக் கரையிலிருந்து வரும் ஏதோ ஓர் அணியோடு ஆடியது, தொலைக்காட்சியில் பார்க்கலாம். எல்லை கடக்கும் தேவையில்லையே என்று, பல ஆண்டுகளுக்குப் பிறகு ஆசையாக மட்டன் ரோல்ஸ் செய்தேன்.

தம்பி தன் சிவப்புச் சட்டையில் வந்தான். கணவர் நீலச் சட்டையில் இருந்தார். திரையில் நீலத்தோடு மோதிய அணி பச்சை. தம்பிக்கு யாரை ஏசுவதென்று தெரியவில்லை. பச்சைக்காகக் கத்த அவனுக்கு அவர்களில் ஒருவனையும் தெரியாது. நீலத்துக்காகக் கத்த வாய் வராது. ரோல்ஸை எடுத்துக் கடித்தான்.

“மட்டன்,” என்றான்.

“ஓமடா. உனக்கு விருப்பமெண்டுதானே செய்தனான்.”

“நல்லாயிருக்கு, அக்கா.” மிச்சத்தைத் தட்டில் வைத்துவிட்டான். என் பிழை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாங்கள் எங்கும் போகவில்லை என்பதை அந்த ஒரு கடி சொல்லிவிட்டது.

இடைவேளை வந்தது. தம்பி பகிடியாகத்தான் தொடங்கினான் என்றே நான் நம்புகிறேன்.

“என்ன அத்தான், உங்கட ஆக்கள் சொல்லாமல் கொள்ளாமல் எங்களை விட்டிட்டுப் போயிட்டினம்.”

கணவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “சொல்லாமல் கொள்ளாமல் கொண்டுபோறது உமக்குத் தெரியாத வேலையோ?”

நான் தேநீர்க் கோப்பைகளோடு வாசற்படியில் நின்றேன்.

“உது இப்ப ஏன்?” என்றான் தம்பி.

“இப்பவெண்டாலும் கேக்கிறன். பின்னேரம் வந்து பார்க்கிறன், கட்டிலிலை ஆளில்லை. நான் ஆர் இந்த வீட்டிலை? தூக்கிறதுக்கு மட்டும் மருமோன், என்ன?”

“அங்கத்தைக் கட்டில் கைவிட்டுப் போயிருந்தால் இன்னும் ஒரு வருசம் அம்மாவைத் தூக்கித் தூக்கி உங்கட நாரி முறிஞ்சிருக்கும். அதை யோசிச்சுத்தான் செய்தனான்.”

“என்ரை நாரியை நான் கேட்டனானோ?”

“கேக்க மாட்டியள். நீங்கள் எப்பவும் பெரிய மனுசன். நாங்கள்தான் கெட்டவங்கள்.”

அவர்கள் சத்தம் போடவில்லை. கார் தரிப்பிடத்தில் போட்ட கூச்சலில் கால்வாசி கூட இல்லை. இரண்டு பேருக்கும் இடையில் இவ்வளவு காலமும் வேறொரு சண்டை நின்றுகொண்டிருந்தது. அதை யாரோ எங்கோ கூடிப் பேசி எடுத்துவிட்டார்கள். தம்பி தேநீர் குடிக்காமல் எழுந்தான். சப்பாத்து நாடாவைக் கட்ட வெகுநேரம் எடுத்தான். நான் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். “வாறன், அக்கா,” என்றான். போவதற்கு நாங்கள் சொல்லும் அதே சொல்தான். பனிக்காலம் முழுவதும் அவன் வரவில்லை.

பனி உருகிய பிறகு அம்மாவின் ஆண்டுத் திவசம் வந்தது. கோயிலில் இருவரும் ஐயர் சொன்ன இடங்களில் இருந்தார்கள். மகன் முன்னால், மருமகன் சுவரோரம். எல்லாம் முடிந்து, மிஞ்சிய சாப்பாட்டுப் பாத்திரத்தைக் காரில் ஏற்றத் தம்பி எனக்கு உதவினான். பின் கதவைத் திறந்தவன் தொப்பியைக் கண்டு நின்றான்.

“உது இன்னும் கிடக்கே?”

“நீயே கேள்,” என்றேன். கணவர் கார்த் திறப்போடு வந்துகொண்டிருந்தார்.

தம்பி பாத்திரத்தைக் கீழே வைக்காமலே கேட்டான். “அத்தான், தொப்பியை எடுக்கலாமே. வெளுத்துப் போச்சு.”

“நான் தோத்தனான். அடுத்த மட்ச் வரைக்கும் இருக்கும்.”

“அடுத்த மட்ச் இல்லையே.”

“அப்ப இருக்கட்டும்.”

தம்பி பாத்திரத்தை இடுப்பில் சாய்த்துக்கொண்டான். பிறகு, கொன்பரன்சுக்கு வெளியே இரண்டு பல்கலைக்கழகமும் ஒருதரம் திரும்ப ஆட உடன்பட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்றான். அதற்கு இன்னும் பல ஆண்டுகள் செல்லுமாம். மற்றச் சனிக்கிழமைகள் எல்லாம் முன்கூட்டியே விலைபோய்விட்டன.

“எனக்கு எழுபது தாண்டிடும்,” என்றார் கணவர்.

“கார் அவ்வளவு காலம் ஓடுமே?”

“கார் மாறும்.”

அம்மாவைப் பற்றி ஒரு சொல்கூட எழவில்லை. அன்று அவருடைய நாள் என்றிருந்தும். இந்த நான்கைந்து வசனங்களை வைத்துக்கொண்டு அவர்கள் சமாதானமாகிவிட்டார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை தம்பி எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அவரும் கூப்பிடச் சொல்லவில்லை. அந்த மட்ச் வரும்வரைக்கும் இப்படியே இருப்பார்களோ, வந்தாலும் பாலத்தைக் கடக்க மூவரும் இருப்போமோ என்ற பயம் எனக்கு வேலை செய்யும்போதும் வருகிறது.

அன்று கோயிலடியில் தம்பி பாத்திரத்தை ஆசனத்தில் வைத்து, கவிழாமல் பட்டியை இழுத்துப் பூட்டினான். கதவைச் சாத்தப் போனவன் திரும்பக் குனிந்தான். தொப்பி ஒருபக்கம் சரிந்து, சின்னம் உட்புறம் பார்த்துக் கிடந்தது. அதைத் தூக்கித் தூசியைத் தட்டி, சின்னம் பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியும்படி நிமிர்த்தி வைத்தான். என் கணவர் காரை உயிர்ப்பிக்காமல், அவன் வைத்து முடிக்கும்வரை காத்திருந்தார்.