வாளிக்குள் கிடந்த போன்

ஏல நாளில் கிருபாராணியின் சோலி காலையிலேயே தொடங்கிவிடும். முதலாளி அல்லா பிச்சை சாம்பிள் ஏலக்காயைத் தட்டில் கொட்டி, முகர்ந்து, எந்த விலை வரை போகலாம் என்று சொல்வார். அவள் அதைச் சிலேட்டில் எழுதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, தன் போனில் படம் எடுத்து அவருக்கு அனுப்புவாள். ஏல மையத்தில் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் அவர் விலை கேட்பார். மூக்குக்குப் பேர்போன மனிதர், ஞாபகத்துக்கு அல்ல.

கொஞ்ச நாளாக நல்ல சரக்கெல்லாம் கைநழுவியது. அவர் நிறுத்தும் விலைக்கு ஒரு ரூபாய் மேலே வேறொரு கடைக்காரர் கேட்டு எடுத்துக்கொண்டிருந்தார். சந்தேகம் சாம்பிள் பிரிக்கும் வேலுச்சாமி மேல் விழுந்தது. வரவேண்டாம் என்றதும் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கிருபாராணிக்குப் பாவமாக இருந்தது.

கையோடு புதுச் சட்டமும் வந்தது. கடைக்கென்று தனி போன். மற்றவர்கள் போனெல்லாம் வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளியில்.

அன்றைய ஏலத்திலேயே முதல்தரச் சரக்கு அவர் சொன்ன விலைக்குப் படிந்தது. "பாத்தியா ஆத்தா? வேலுச்சாமி போனதும் சரக்கு கைக்கு வருது" என்றார் முதலாளி.

சாயங்காலம் வாளியிலிருந்து போனை எடுத்தபோதே அடித்தது. தேவாரம் ஊரிலிருந்து தங்கை ரெபேக்காள்.

"அக்கா, இன்னைக்கு ஒன் தட்டுப் படம் ஒண்ணும் எம் போனுக்கு வரலையே? இவரு கேட்டுக்கிட்டே இருக்காரு. போனு ரிப்பேரா?"

அக்காளும் தங்கையும் ஒரே நாளில் வாங்கிய போன்கள். போன் கடைப் பையன் இரண்டுக்கும் ஒரே மின்னஞ்சல் கணக்கைப் போட்டுக் கொடுத்திருந்தான். தங்கை பிள்ளையின் படங்கள் தானாக வந்து விழும்போதெல்லாம் கிருபாராணி பூரித்துப்போவாள். தன் படங்களும் அங்கே போகும் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. தங்கை புருசன் ஏதோ ஏலக்காய்க் கடையில் சேர்ந்திருந்தான். எந்தக் கடை என்று இவள் கேட்டதுமில்லை.

அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. "ரிப்பேருதான்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

முதலாளி ஷட்டரை இழுக்கப் போனார். சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது.

"மொதலாளி, வேலுச்சாமி அண்ணனை வரச் சொல்லுங்க. வெல எம் போனு வழியாத்தான் போயிருக்கு."

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் போனை மறுபடி வாளியிலேயே போட்டாள்.